ஒபுசோனில் ஒரு குழியில்லாத தறி

என் முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பீரங்கி வெடிக்கிறது. எல்லோரும் நிலவறைக்கு ஓடுகிறார்கள். நான் தறிக்கு ஓடுகிறேன். மதுரை நெசவுக்காரன் மூளை. தறி என்றால் அடியில் குழி இருக்கும், காலை விட்டு உட்கார. பிறந்ததிலிருந்து பார்த்தது அதைத்தான். கண்ணை மூடிக்கொண்டு தறிக்கடியில் பாய்ந்தேன். குழி இல்லை. கல் தளம். முன்பே பார்த்ததுதான், பயத்தில் மறந்துபோச்சு. முன்பல் இரண்டு போச்சு. எதிரி சுடாமலே காயம்பட்ட ஒரே சிப்பாய் நான்தான்.

1944. ஆனி மாதம். பிரெஞ்சு நாட்டில் ஒபுசோன். சுவரில் தொங்கவிடும் கம்பளிச் சித்திரங்களை நெய்து பிழைக்கிற ஊர். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் போய், ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மன்காரனிடம் பிடிபட்டு, முகாமிலிருந்து தப்பி, இரண்டு பேர் அங்கே ஒளிந்திருந்தோம். நானும், மதுரைப் பக்கம் எழுமலை ஊர்க்காரன் மாயாண்டியும். அவன் சம்சாரி, ஏர் பிடித்த கை. வேட்டி நுனியை முடியத் தெரியும், அவ்வளவுதான் நெசவு ஞானம். எங்களை ஒளித்து வைத்தவள் ஒரு தறிக்காரி. மதாம் என்போம், நம்ம ஊரில் அம்மா என்பது மாதிரி. புருஷனையும் மகனையும் ஜெர்மன்காரன் சுவரோரம் நிறுத்திச் சுட்டிருந்தான்.

வந்த அன்றே அவள் தறியைப் பார்த்துச் சிரித்தேன். மேலெல்லாம் முடிச்சு, தொங்கல் நூல். "எங்க ஊருல இத அடுப்புல சட்டி இறக்கக்கூட எடுக்க மாட்டாய்ங்க." மாயாண்டி அதைச் சைகையில் நடித்துக் காட்டிவிட்டான், பாவி. மதாம் என் காதைப் பிடித்துத் தறிக்கடியில் தள்ளினாள். அண்ணாந்து பார்த்தேன். காடு. மான். மானின் கண்ணில் வெளிச்சம். அங்கே பின்பக்கத்தைப் பார்த்துத்தான் நெய்கிறார்கள். சித்திரத்தின் முகம் தரையைப் பார்த்திருக்கும். வாயை மூடிக்கொண்டேன்.

என் பல் போன அன்று, பீரங்கி ஓய்கிறது. டட்டட்டட். இயந்திரத் துப்பாக்கி. தெருவில் மாயாண்டி. நிலவறையில் என்னைக் காணாமல் தேடி வருகிறான்.

"மாப்ள, வராத! குனிடா! குனி!"

வாசலில் விழுந்தான். முனகல்கூட இல்லை. சுட்டவனைப் பார்த்தேன். செம்பட்டை மீசை ஜெர்மன்காரன். மாயாண்டியைத் தாண்டவில்லை. மிதித்து உள்ளே வந்தான்.

நான் தறியோரம், கம்பளிப் பொதிக்குப் பின்னால். வாயில் ரத்தம். மூச்சு விடவில்லை.

அவன் கத்தியை எடுத்தான். சித்திரத்தை அறுத்துக் கொண்டுபோக வந்தவன். நின்றான். என்னை மாதிரியே மேல்பக்கக் குப்பையைப் பார்த்தான். பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்தான். மல்லாந்து தறிக்கடியில் நுழைந்தான். படம் பார்க்க.

துணி சுருட்டும் படமரம். ஓக் கட்டை. ஆள் கனம். அதைத் தாங்கி நிற்பது ஒரே ஒரு ஆப்பு. குழி விஷயத்தில்தான் நான் ஏமாந்தேன். ஆப்பு எங்கே இருக்கும் என்று தெரியும்.

உதைத்தேன்.

மரம் நெஞ்சில் இறங்கியது. பாவு இழைகளுக்கு நடுவே அவன் கண் என்னைத் தேடியது. குனிந்து, பல்லில்லாத என் சிரிப்பைக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் போனான். வருத்தமா? இதை எழுதும்போதும் வலது கால் உதைக்கிறது.

மதாம் வந்தாள். சித்திரத்தைப் பாதியிலேயே அறுத்தாள். மாயாண்டியை அதில் சுற்றினோம்.

சண்டை முடிந்து எழுமலை போனேன். மாயாண்டியின் சம்சாரம் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாய்ச் சொன்னேன். போனவர்கள்: மாயாண்டி. மதாமின் புருஷன். அவள் மகன். அந்தத் தெருவில் எங்களுக்கு ரொட்டி கொடுத்த கிழவர். பாதி நெய்த காடு ஒன்று, மாயாண்டியோடு மண்ணுக்குள். அற்பம்தான், என் இரண்டு பல்லும்.

பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"சுட்டவன விடல தங்கச்சி. இந்தக் காலாலயே முடிச்சேன். பழி தீத்துட்டேன்."

அவள் கை பருத்தியை எடுத்துக்கொண்டே இருந்தது.

"இத்தன பேருக்கு ஒருத்தனத்தானாண்ணே?"