முழு நகல்

குழந்தைகள் வளர்கிற வேகம் பெற்றவர்களுக்குத் தெரிவதில்லை, ஐயா. எங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கான துணிகளை இணையத்தில் விற்கிற கடை எங்களுடையது. விளம்பரப் பிரிவு என் பொறுப்பு. ஒரு கவுன் வாங்கினால், அது எப்போது இறுக்கத் தொடங்கும் என்று கணக்குப் போட்டு, அம்மாவின் போனுக்கு ஒரு செய்தி தட்டிவிடுவோம். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பிறகு தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சம்மதம் இல்லாமல் விளம்பரம் அனுப்பக்கூடாது. அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும். தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறோம் என்று ஒருவர் கேட்டால் நகல் தர வேண்டும். நியாயமான பேச்சுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் சம்மதம் கேட்டு அனுப்பிய செய்தியைப் பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விற்பனை படுத்துவிட்டது. பார்த்துப் பார்த்துச் சேர்த்த வாடிக்கையாளர்களை ஆற்றில் கொட்டு என்றால் யாருக்குக் கை வரும்? அழிக்கச் சொன்னவர்களை நான் அழிக்கவில்லை. தனியே ஒதுக்கி, 'தூங்குகிறவர்கள்' என்று பெயர் வைத்தேன். எழுப்பினால் எழுந்துவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

அந்தச் சமயத்தில்தான் அவள் கூப்பிட்டாள். மகளுக்கு எடுக்கிற கவுனெல்லாம் ஊதா நிறத்திலேயே எடுப்பாள். எங்கள் பிரிவில் அவளுக்கு ஊதாக்கா என்று பெயர்.

"அண்ணா, என் அட்ரஸை எடுத்துடுங்க. கணக்கு என் வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. யோசிக்காம புது வீட்டு அட்ரஸை அதுலயே போட்டுட்டேன்."

"பார்சல் நல்லபடியா வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. நாங்க இருக்கற இடம் அவருக்குத் தெரியக்கூடாதுண்ணா. போன தடவை கையை ஒடிச்சாரு. இந்தத் தடவை உயிரோட விடமாட்டாரு."

"கவலைப்படாதீங்கம்மா. இன்னைக்கே எடுத்துடறேன்."

எடுக்கத்தான் செய்தேன். கணக்கைத் திறந்து பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்தேன். எங்கள் பக்கம் அது தூங்கிக்கொண்டிருந்தது.

விற்பனை இன்னும் சரிந்தபோது தூங்குகிறவர்களை எழுப்பினேன். அடுத்த அளவு கவுன் வந்திருக்கிறது என்று அவளுக்கும் ஒரு செய்தி போனது. அவள் நேரே தகவல் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆணையத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. எல்லாரும் பார்க்க முதலாளி என்னை நிற்கவைத்துக் கேட்டார்.

"அழிச்சிட்டேன்னு சொன்னியே, அந்தம்மாவுக்கு மெசேஜ் யார் அனுப்பினது, உங்க தாத்தாவா?"

யாரோ சிரித்தார்கள். என் நாற்காலி எனக்குக் கீழே வேலை பார்த்தவளுக்குப் போனது. என்னை லிஃப்ட் பக்கத்தில் ஒரு மேஜையில் உட்காரவைத்து, தகவல் கேட்டு வருகிற விண்ணப்பங்களுக்குப் பதில் போடச் சொன்னார்கள். ஊதாக்காவின் தகவலை அழித்துவிட்டதாக ஆணையத்துக்கு எழுதியதும் அந்த மேஜையிலிருந்துதான். அழிக்கவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை, ஐயா. மனசுக்குள் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

அவளுடைய கணவரின் விண்ணப்பம் ஒரு காலை நேரத்தில் வந்தது. மரியாதையான எழுத்து. தன் கணக்கில் உள்ள எல்லாத் தகவல்களின் நகலும் வேண்டும். குறிப்பாக, டெலிவரி முகவரிகள். அடையாள அட்டையும் இணைத்திருந்தார். ஒரு குறையும் சொல்ல முடியாது.

இன்னொருவர் பாதுகாப்புக்கு ஆபத்து வருமென்றால் அந்தப் பகுதியை மறைத்துத் தரலாம் என்று ஒரு விதி உண்டு. தெரியும். ஊழியர்களுக்கு அதைப் பாடம் எடுத்தவனே நான்தான். பதில் போட ஒரு மாதம் அவகாசமும் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு எழுவதற்குள் அனுப்பிவிட்டேன். டெலிவரிக்காரருக்கு அவள் எழுதியிருந்த குறிப்பும் அதில் இருந்தது: 'மணி அடிக்காது. பின்கதவைத் தட்டவும்.' முழு நகல் என்றால் முழு நகல்தானே.

அவரே போன் செய்தார்.

"ரொம்ப நன்றி சார். இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும்னு நினைக்கல. இந்தக் கடைசி அட்ரஸ் சரியானதுதானே?"

"பார்சல் திரும்பி வரல சார்" என்றேன்.

மறுநாள் நடந்ததை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. செய்தியில் பார்த்தேன். பின்கதவு வழியாகத்தான் போயிருக்கிறார். குழந்தை பள்ளிக்கூடத்தில் இருந்ததால் தப்பியது, நல்லவேளை.

அவர் என்ன செய்வார் என்று தெரியுமா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். தெரியும். அவளேதான் சொல்லியிருந்தாளே. தெரிந்துதான் அனுப்பினேன், அவள் பயந்து நடுங்கட்டும் என்றுகூட இல்லை, அவர் அவளிடம் போய்ச் சேரட்டும் என்றுதான் அனுப்பினேன். ஆனால் ஒன்றை உங்கள் பதிவில் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்தியைப் பார்த்த கையோடு அவள் பெயர், எண், முகவரி எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், இந்த முறை நிஜமாகவே. அவள் கேட்டதை நான் செய்து கொடுக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.