சிவப்பில்லாத நாள்

கனமான இணையத்தளங்களை எனக்குப் பிடிக்காது, ஹிஸ்புல்லா நானா. உங்கள் மதுரங்குளிக் கல்யாண மண்டபத்தின் தளம் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது என்று நீங்களே குறைப்பட்டீர்கள். அதைத்தான் சரிசெய்தேன்.

ஒரு தளத்தின் நிறம், எழுத்து எல்லாம் ஸ்டைல்ஷீட் என்ற கோப்பில் இருக்கும். அதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் உண்டு; முக்கால்வாசி வரிகள் யாருக்கும் தேவைப்படாதவை. தளத்தைக் கட்டி வெளியிடும்போது ஒரு கருவி பக்கங்களைப் படித்து, எங்கும் பெயர் வராத வரிகளை வெட்டிவிடும். நல்ல கருவி.

பக்கத்தில் துண்டு துண்டாக எழுதிப் பிறகு ஒட்டும் பெயர் மட்டும் அதற்குப் புரியாது, தேவையான வரியையும் வெட்டிவிடும். உங்கள் நாட்காட்டியில் பதிவான நாளைச் சிவப்பாக்கும் வரிக்கு, என்னோடு ஒரே மேசையில் வேலை செய்யும் ஃபாஹிம் அப்படித்தான் பெயர் வைத்திருந்தான். அதனால் வெட்டக்கூடாதவற்றின் பட்டியல் ஒன்றில் அதையும் சேர்த்திருந்தோம்.

அந்தப் பெயர் பட்டியலில் இல்லாமற்போனது. சிவப்பும் போனது. உங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அக்காவான நஃபீஸா தாத்தா நாட்காட்டியைப் பார்த்து, ஃபாஹிமின் வலீமா விருந்துக்குப் பதிவான நாளையே கற்பிட்டிக் குடும்பமொன்றுக்கும் கொடுத்துவிட்டார். பாவம், அவரில் பிழையில்லை.

அன்று ஒரு மேடைக்கு இரண்டு மாப்பிள்ளைகள். நீங்கள் குசினிக்கும் வாசலுக்குமாக ஓடியதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிட ஒரு சஹன் தட்டு என்று சோறு வந்ததும், இரண்டு வீட்டாரும் இடம் கண்ட சஹனில் குந்திவிட்டார்கள். என் சஹனில் நாலு பேர் கற்பிட்டிக்காரர். நல்ல மனிதர்கள், இறைச்சியை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

"என்ட வேலைலதான் பிழை மச்சான். என்ட வலீமாவ நானே கெடுத்துட்டன்" என்று ஃபாஹிம் அழுதான்.

"சும்மா இருடா, யாருக்கும் வாறதுதானே" என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். நண்பன் என்றால் அதற்குத்தானே.

இனி அவன் உங்கள் வேலையைத் தொடக்கூடாது, ஊரில் வேறு யாரும் அவனுக்கு வேலை கொடுக்கவும் கூடாது என்று நீங்கள் சொல்லித் திரிவதால்தான் இதை எழுதுகிறேன். அது கொஞ்சம் அதிகம்.

பட்டியலிலிருந்து பெயரை எடுத்தது நான். ஃபாஹிம் அழைப்பிதழை என் மேசையில் வைத்துவிட்டு லுஹர் தொழப் போன நேரம். கற்பிட்டிக்காரருக்கு நாள் கொடுத்தாயிற்று என்று தெரிந்த அன்றே திரும்பச் சேர்த்தும்விட்டேன். மற்றவர்களின் கல்யாணம் ஏன் கெடவேண்டும்?

பகை ஒன்றுமில்லை. ஃபாஹிமின் மணப்பெண் றிஸ்மியாவை முன்பு எனக்குக் கேட்டு என் உம்மா இரண்டு தடவை ஆள் அனுப்பினார், சரிவரவில்லை. அதை எப்போதோ மறந்துவிட்டேன். வலீமா அன்று பெண்கள் பக்கத்துத் திரை மூன்று தடவை விலகியது. மூன்று தடவையும் றிஸ்மியா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.