மீசை மறைத்த வாய்

சேலத்திலிருந்து மல்லசமுத்திரம் செல்லும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இருவர் அமர்ந்திருந்தனர். பெரியவர், பக்கத்திலிருந்த இளைஞரின் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்.

“ஏனுங் மாப்ள, மீசைய எடுத்துட்டீங்க? எனக்கொரு வார்த்தை சொல்லி உடலீங்களே. அப்பாவா, அம்மாவா?”

“அட, ரெண்டு பேரும் ஊட்டுல நல்லா இருக்காங்க மாமா. மகளுக்காக எடுத்தனுங்க.”

“மகளுக்கா?”

“மூணு வயசாச்சு, இன்னும் பேச்சு வரலீங்க. ஆட்டிசம்னு சொன்னாங்க. கண்ணப் பாக்கமாட்டா, வாயத்தான் பாப்பா. அவங்கம்மா பேசுனா உதட்டையே பாத்துட்டிருப்பா. நான் பேசுனா திரும்பிக்குவா. போர் போடற ரிக் வண்டியில வேலைக்குப் போயி ரெண்டு மாசங்கழிச்சு வார ஆளு, என்னைய மறந்துட்டாளோன்னு பயந்துட்டனுங்க. அப்பறந்தான் தோணுச்சு, இந்த மீசையில வாயே தெரியாதேன்னு.”

“அருவா மீசையில்ல அது! ஊட்டுல அம்மிணி பாத்துட்டு என்ன சொல்லுச்சு?”

“யாரு வேணும்னு கேட்டாளுங்க.”

பெரியவர் உரக்கச் சிரித்தார். பிறகு மெதுவாக, “புள்ள?” என்றார்.

“மொத நாளு கிட்டயே வரல. முந்தாநேத்து மடியில ஏறி ஒக்காந்து உதட்டத் தொட்டுத் தொட்டுப் பாத்தா மாமா. இப்ப நான் பேச்ச நிறுத்துனா, விரல உட்டு வாயத் தொறக்கறா.”