கறுப்புக் கொடி நாற்பதும் கோடு போட்ட கொப்பியும்

“உது வேவு பாக்க வந்த படகுதான்! உனக்குக் கண் தெரியேல்லையே?”

“சும்மா கத்தாதை ஜெரிசன். உன்ரை கொடியளைக் கண்டிட்டு அவங்களும் உப்பிடித்தான் சொல்லியிருப்பாங்கள்!”

சபையோரே, மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காலை, எங்கள் கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் படகோட்டி ஜெரிசனும் எழுதுவினைஞர் மேர்சியும் இப்படிப் பிடுங்குப்பட்டபோதுதான், செயலாளர் அடைக்கலநாதன் அண்ணை சைக்கிளை விட்டிறங்கினார். இருபத்தெட்டு வருடச் சேவை முடித்து இன்று ஓய்வு பெறுபவரின் பெருமையைச் சொல்ல, அந்தச் சண்டையை விட நல்ல இடம் எங்களுக்குத் தெரியவில்லை.

நண்டு வலை மிதவைகளுக்கு நாங்கள் பழைய குடைச்சீலையைக் கிழித்துக் கறுப்புக் கொடி கட்டுவோம். வெயில் மின்னும் கடலில் வெள்ளை தெரியாது. அந்தக் கிழமை நாற்பது கொடிகள் கரையிலுள்ள கடற்படைக் காவலரணை நோக்கி நேர்வரிசையாய் நின்றன. நண்டு ஓடும் பள்ளம் அப்படித்தான் போகிறது. காவலில் இருந்தவர்களுக்கோ, யாரோ தங்களைத் தாக்க வழி குறிக்கிறார்கள் என்று பட்டது. ஒரு படகைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வலை பறிபோகப் போகிறது என்று எங்கள் ஆட்கள் இருபது தோணியில் ஒன்றாய்ப் போனார்கள். அது அவர்களுக்குத் திரண்டு வருவதாய்த் தெரிந்தது. இரண்டாவது படகும் வந்தது, கடல் மறிபட்டது, நூற்றுப்பத்துக் குடும்பங்களின் தொழில் நின்றது.

அண்ணையிடம் ஒரு கொப்பி உண்டு. நடுவில் கோடு. இடப்பக்கம் ‘கண்டது’, வலப்பக்கம் ‘நினைத்தது’. எஞ்சின் களவு போனாலும் அதில் எழுதிய பிறகுதான் மற்றக் கதை. அன்று காலையும் அதை விரித்து வைத்துக்கொண்டு ஜெரிசனைக் கேட்டார்.

“என்னத்தைக் கண்டனி?”

“படகு, அண்ணை.”

“துவக்கு நீட்டினவங்களோ? வலையைத் தொட்டவங்களோ?”

“இல்லை.”

“அப்ப மிச்சமெல்லாம் வலப்பக்கம்.”

கொப்பியையும் ஒரு துண்டுக் குடைச்சீலையையும் எடுத்துக்கொண்டு அவர் காவலரணுக்குப் போனார். அங்கிருந்த அதிகாரியும் அந்தக் கொப்பியில் எழுதினார். அவருடைய இடப்பக்கத்திலும் ஒரே வரிதான்: கறுப்புக் கொடி நாற்பது. புது இடத்தில் வலை போடுமுன் அறிவிப்பது என்று பேசி, நாலாம் நாள் கடல் திறந்தது.

திரும்பி வந்து அண்ணை சொன்னார்: “நாடுகளும் உப்பிடித்தான். மற்றவன்ரை கப்பலை எண்ணலாம், மனசை எண்ணேலாது. எண்ணேலாத இடத்தைப் பயத்தாலை நிரப்புகினம். அவனும் பயத்திலைதான் கப்பல் வாங்கிறான் எண்டு ஒருத்தரும் எழுதுறேல்லை. பயப்பிடாதை எண்டு நான் சொல்லேல்லை, வலப்பக்கமும் சில நேரம் சரியாயிருக்கும். எந்தப் பக்கத்திலை நிண்டு பயப்பிடுறாய் எண்டு தெரிஞ்சு பயப்பிடு.”

கடலையும் காவலையும் கதைக்க வைத்த காவலரே! சொல் குறைத்துச் சோலி தீர்த்த எங்கள் அண்ணையே! நோய்நொடி அண்டாமல், பேரப்பிள்ளைகள் சூழ, நூறு தாண்டி இருங்கள்.

நாளை முதல் கொப்பி மேர்சியின் கையில். போன கிழமையிலிருந்து பள்ளத்தருகே புதுப் படகு ஒன்று நிற்கிறது. இடப்பக்கத்தில் இன்னும் ஒரே வரி. வலப்பக்கம் நிரம்பி அடுத்த தாளுக்குப் போய்விட்டது. இருபது தோணி திரும்பவும் ஆயத்தமாகிறது. செவ்வாய்க்கிழமை காவலரணுக்கு மேர்சி போகிறா, முதல் தடவையாக. அண்ணை, ஒருமுறை மட்டும் கூடப் போவீங்களோ? ஓம் எண்டோ இல்லை எண்டோ, மாலையைக் கழற்ற முதல் இதிலேயே சொல்லுங்கோ.

சங்க ஊழியரும் அங்கத்தவரும்,
கொழும்புத்துறை.