அத்தை சொன்ன நகைகள்

இல்ல சார், அந்த வரியை அழிச்சிடுங்க. வண்ணத்துப்பூச்சின்னு டைப் பண்ணியிருக்கீங்க பாருங்க, அதை. நீங்க தப்பாக் கேக்கல, அத்தை அப்படித்தான் சொல்லியிருக்கும். ஆனா அதுல பூச்சியும் கிடையாது, றெக்கையும் கிடையாது. இதயம் மாதிரி ஒரு பதக்கம், தலைகீழாத் தொங்கும். எங்க பக்கம் அதுக்கு அந்தப் பேரு. ஏன்னா? எனக்கென்ன சார் தெரியும், எந்தக் காலத்துலயோ எவனோ ஒரு தட்டான் வெச்ச பேரு. நீங்க பூச்சின்னு எழுதிக் குடுத்தா ஆத்துல எறங்கினவங்க பூச்சியைத்தான் தேடுவாங்க. தங்கப் பதக்கம், கட்டைவிரல் நகம் அளவு, கூர்முனை மேல இருக்கும். இப்படிப் போடுங்க. அதை அம்மா போட்டிருந்தா, ஆமா.

நான் ஆத்துல போனவளோட பொண்ணுதான். இடலினா. ஒன்பதாவதோட பள்ளிக்கூடத்தை விட்டுட்டேன், ரொட்டிக் கடையில நிக்கிறேன். காலையில வந்து அழுதுக்கிட்டே இதெல்லாம் சொன்னது தியோலிந்தா அத்தை, அப்பாவோட அக்கா. அது பேசுறது எங்க ஊர்லயே பாதிப் பேருக்குப் புரியாது. நீங்க தெக்க பேஜாலேர்ந்து மாத்தலாகி வந்த போலீஸ்காரரு, உங்களுக்கு எப்படிப் புரியும்? அதான் என்னைக் கூப்பிட்டிருக்கீங்க. சரி, படிங்க அடுத்தது. எனக்கு மாவு பெசையப் போகணும்.

ஏன், போகக் கூடாதா? வீட்ல உக்காந்து என்ன பண்றது. அத்தை வீடு பூரா பொம்பளைங்களைக் கூட்டி வெச்சிருக்கு. எல்லாரும் என் தலையைத் தடவுறாங்க.

அஃபொகதோர். ம்ம். என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? அர்த்தம் அதேதான், மூச்சை அடைக்கிறது. தண்ணியில முங்கடிக்கிறதுக்கும் அதே வார்த்தைதான். இருந்துட்டுப் போகட்டும், அது வெறும் அட்டிகை. கழுத்தை ஒட்டிப் பிடிச்ச மாதிரி இருக்கும், அதான் அந்தப் பேரு. ஆத்துல போனவளுக்கு இந்த வார்த்தையைப் போய் சொல்றோமேன்னு அத்தைக்குத் தோணியிருக்காது. எனக்கு ஒண்ணும் இல்ல சார். தண்ணியெல்லாம் வேண்டாம்.

அதையும் அழிச்சிடுங்க. அட்டிகையை அம்மா போட்டுக்கிட்டுப் போகல. அது ஆகஸ்டு திருவிழாவுக்கு மட்டும்தான். பீரோவுல துணிக்கடியில இருக்கு, பாத்துட்டுத்தான் வர்றேன். அத்தை கண்ணுக்கு எங்கம்மா எப்பவும் நெஞ்சு நெறைய தங்கம் போட்டு ஊர்வலம் போறவதான். நேத்து அவ போட்டிருந்தது மாட்டுக்குப் புல்லறுக்கப் போற பாவாடை.

அடுத்தது மணியா? ஐயோ, ஜெபமாலைன்னு எழுதிட்டீங்களே. பாதருக்குச் சந்தோஷமா இருக்கும். அது பொன் மணி சார், கொண்டைக்கடலை அளவு, உள்ள காலி. நூல்ல கோத்துக் கழுத்துல போடுறது. அதை அம்மா போட்டிருந்தா. நூலு புதுசு, போன மாசம் நான்தான் கோத்தேன், அறாது. மிதக்குமாவா? மிதக்காது. சின்னப் புள்ளையில தொட்டியில போட்டுப் பாத்திருக்கேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

முகம் அடையாளம் தெரியாமப் போயிடும்னு நீங்க சொல்லல. ஆனா அதுக்குத்தானே நகையைக் கேக்குறீங்க? எனக்குப் புரியுது. மார்ச் மாச வெள்ளம். மீன்காரங்க படகெல்லாம் நேத்து காலையிலேர்ந்து சுத்துது, லாம்ப்ரெயா மீன் பிடிக்கிற பருவத்துல வலையை விட்டுட்டு வந்திருக்காங்க. கெடைச்சது அவளோட ஒத்தைக் கட்டைச் செருப்பு. கடல் வரைக்கும் போயிருந்தா எந்த ஊருக்காரங்க எடுப்பாங்களோ. அப்பா பிரான்ஸ்லேர்ந்து கார்ல வந்துக்கிட்டிருக்காரு. அவருக்குக் காட்ட ஏதாவது வேணும்.

இன்னும் ஒண்ணா? அர்ரெகாதா. கம்மல்தான் சார். உங்க ஊரு பொம்பளைங்க போடுற பொட்டுக் கம்மல் இல்ல. பிறை மாதிரி இருக்கும், கனம். மறக்காம எழுதச் சொல்லுச்சா? ரெண்டு தடவை சொல்லுச்சா? ம்ம். சொல்லும்.

உங்க ஊர்ல கம்மலை ராத்திரி கழட்டி வெச்சுட்டுத் தூங்குவாங்களா? இங்க மாட்டாங்க. ஞானஸ்நானத்துக்கு முன்னாடியே காது குத்திடுவாங்க, அதுலேர்ந்து காது காலியா இருக்கக் கூடாது. எங்கம்மா என்னைப் பெத்தப்பவும் இதைப் போட்டுக்கிட்டுத்தான் பெத்தா. புருஷன் செத்தாலும் கழட்ட மாட்டாங்க சார், கறுப்புத் துணியைச் சுத்தித் தெச்சு மூடிக்குவாங்க. அடகு வெச்சாக்கூட ஓட்டையில ஒரு நூலையாவது கட்டிக்குவாங்க. வெறுங்காதோட வாசல்ல வந்து நிக்கிறதுக்கு ஒருத்தியும் துணிய மாட்டா. அத்தையெல்லாம் அதுக்கு அம்மணமாவே நிக்கலாம்னு சொல்லும்.

அத்தை உங்ககிட்டேர்ந்து நேரா எங்க போயிருக்குன்னு நெனைக்கிறீங்க? பாதர்கிட்ட. புல்லறுக்கப் போனா, கால் வழுக்கிடுச்சுன்னு சொல்ல. அப்படின்னா பாதர் சாவு மணி அடிப்பாரு, கல்லறைத் தோட்டத்துக்குள்ள எடம் குடுப்பாரு. தானா எறங்கினவளுக்கு இந்தப் பாதர் அடிக்க மாட்டாரு. அத்தைக்கு மணி அடிக்கணும். கெட்ட மனுஷி இல்ல அது, பாவம்.

எனக்கு ஆளு கெடைக்கணும் சார்.

இந்தாங்க. மேல மாவு ஒட்டியிருக்கும், ஏப்ரன் பையில கெடந்தது. ரெண்டு கம்மலுமே இருக்கு. நேத்து நான் எந்திரிச்சப்ப அடுப்படி மேஜையில இருந்துச்சு. துடைச்சு, துணி விரிச்சு அதுமேல வெச்சிருந்தா. பக்கத்துல எனக்குப் பாலு, தட்டு போட்டு மூடி. சூடாத்தான் இருந்துச்சு. குடிச்சிட்டுத்தான் தேடப் போனேன்.

ஏன்னு கேக்காதீங்க, தெரியாது. கொஞ்ச நாளா அவ தட்டுல போட்டதைக் கோழிக்குப் போட்டுக்கிட்டிருந்தா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அத்தைக்குத் தெரியும், நான் காட்டினேன். போய்ப் பெட்டியில வைடின்னு சொல்லிட்டு இங்க வந்து கம்மலையும் சேத்து எழுத வெச்சிருக்கு. நீங்க வழுக்கினான்னு எழுதுறதும் எறங்கினான்னு எழுதுறதும் உங்க பாடு. ஆனா கீழ எங்கயோ ஒருத்தி கரை ஒதுங்கி, காகிதத்துல கம்மல் இருக்கு, இவளுக்கு இல்லையேன்னு வேற ஊருக்காரின்னு எடுத்துப் பொதைச்சிட்டா?

அதனால கம்மலை அழிச்சிடுங்க. வெறுங்காதுன்னு போடுங்க. ஓட்டை நீளமா இழுத்திருக்கும், வலது காதுல கொஞ்சம் அதிகம். அப்படி ஒருத்தி கெடைச்சா அத்தைக்குச் சொல்லாதீங்க, எனக்குச் சொல்லி அனுப்புங்க. ரொட்டிக் கடையிலதான் இருப்பேன்.