நதிக்கு அந்தப் பக்கத்து முகவரி

நீங்கள் அந்த எலுமிச்சை கேக் துண்டைத் தொடப் போவதில்லை. தொட்டால் என் பக்கம் சாய்ந்துவிட்டதாக யாராவது சொல்வார்களோ என்று பயப்படுகிறீர்கள். நீங்கள் வந்து உட்கார்ந்ததிலிருந்து இதைத்தான் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் அதையெல்லாம் உடனே சொல்வது அழகில்லை.

காபியாவது குடியுங்கள்.

நீங்கள் கொண்டுவந்த இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டேன். செனட்டர் ஹாஃப்ஸ்டாடின் அலுவலகத்தில் கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றியபோது ஒரு குறி அழிந்துவிட்டது, அதனால் ஒரு கடிதம் போகக் கூடாத வீட்டுக்குப் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தெளிவான எழுத்து. கையெழுத்து வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறியும் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் எனக்காக வந்த வழக்கறிஞரா, செனட்டருக்காக வந்தவரா என்று நான் கேட்க மாட்டேன். உங்கள் காலணியைப் பார்த்தேன். அக்டோபரில் கிழங்கு லாரிகள் இறைக்கும் சேற்றை அது ஒருநாளும் மிதித்ததில்லை. தலைநகரத்திலிருந்து அனுப்பியிருக்கிறார்கள்.

நடந்ததை நானே சொல்கிறேன். அதற்குப் பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.

செனட்டரின் உள்ளூர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். தொலைபேசியில் கூப்பிடுகிறவர்களின் கருத்தை எழுதிக்கொள்வது என் பொறுப்பு. ஆதரவு ஒரு கோடு, எதிர்ப்பு ஒரு கோடு. கூப்பிடுகிறவர் நம் மாநிலத்தவர் இல்லையென்றால் கோடு கிடையாது. முதலில் ஊர்ப் பெயரைக் கேட்போம். வெளியூர்க்காரர் என்று தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். வாக்குப் போட முடியாதவர் பேசுவதை எந்த அலுவலகமும் எண்ணுவதில்லை.

ஹாஃப்ஸ்டாடுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் எக்லண்ட். அவரிடமும் நான்தான் வேலை பார்த்தேன். பதினெட்டு வருஷம் செனட்டில் இருந்தவர். வறட்சி வந்தபோது வைக்கோல் கொண்டுவந்தார், வெள்ளம் வந்தபோது கரை கட்டிக் கொடுத்தார். ஜனாதிபதி ஒரு நீதிபதியை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார், அது ஒப்புதலுக்குச் செனட்டுக்கு வந்தபோது எக்லண்ட் வேண்டாம் என்று வாக்களித்தார். அந்த ஒன்றுதான். அடுத்த ஞாயிறு சர்ச் அடித்தளத்தில் காபி ஊற்றும் மேசைக்குப் பின்னாலிருந்த பெண், எனக்கு ஊற்றாமல் எனக்கு அடுத்து நின்றவருக்கு ஊற்றினாள்.

"உங்க ஆளு வாஷிங்டன்காரனாவே ஆயிட்டார் வெர்லா. அங்கயே வீடு பாத்துக்கச் சொல்லுங்க. இங்க இனிமே எதுக்கு வரணும்?"

வைக்கோலும் கரையும் அவள் ஞாபகத்தில் இல்லை. அப்போது ஒன்று புரிந்துகொண்டேன். சட்டங்களுக்கு ஆயிரம் பிரிவு இருக்கும், ஒருவருக்கும் புரியாது. நீதிபதிக்குப் போடும் வாக்கு மட்டும் எல்லோருக்கும் புரியும். ஆம், இல்லை, இரண்டே சொல். நீ நம் ஆளா, இல்லையா என்று அந்த ஒரு சொல்லை வைத்துத் தீர்மானித்துவிடுவார்கள். எக்லண்ட் தோற்றார். அவருடைய கோப்புகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி ஒட்டியது நான். நாற்பத்தேழு பெட்டி. முதியோர் ஓய்வூதியம் கேட்டு எழுதியவர்கள், மகனைப் போரில் பறிகொடுத்தவர்கள் எல்லோரும் அந்தப் பெட்டிகளுக்குள்ளே பதில் வராமல் போனார்கள். அதை இன்னொரு முறை பார்க்க நான் தயாராக இல்லை. இதை நீங்கள் பதவி ஆசை என்று எழுத வேண்டாம். எனக்குப் பதவியே கிடையாது.

போன இலையுதிர்காலத்தில் நீதிபதி ட்ரஸ்கட்டை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கும் வாக்கெடுப்பு வந்தது. நம் மாநிலத்திலேயே பிறந்து, மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கி மேலே போனவர். கிராமங்களில் அவர் பெயரைச் சொன்னாலே முகம் மலர்ந்தது. நகரத்துப் பெண்களுக்கு மட்டும் அவர் மேல் கொஞ்சம் சந்தேகம். செனட்டர் அப்போது எதிராளியை விட இரண்டு சதவீதம் முன்னால் இருந்தார். தேர்தலுக்கு ஆறு வாரம். ஆம் என்று சத்தமில்லாமல் வாக்களித்தால் அந்த இரண்டு நிற்கும். நான் போட்ட கோடுகள் அதைத்தான் சொல்லின.

அந்த வாரத்தில்தான் ரோண்டா ப்யோர்க் வந்தாள்.

இப்போது அவளுக்கு வேறு பெயர். அதை நான் சொல்ல மாட்டேன், அது ரகசியக் கோப்பு, விதி அப்படி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கணவன் டெல்லிடமிருந்து தப்பி வந்தபோது, பெயரையும் அரசு அடையாள எண்ணையும் மாற்ற எங்கள் அலுவலகம்தான் உதவியது. மனுக்களை எழுதியது நான். அப்போது அவளுடைய தாடை கம்பி போட்டுக் கட்டியிருந்தது. தாளில் எழுதி எழுதிக் காட்டினாள்.

இந்த முறை பேசினாள்.

"உங்களத் தவிர யார்கிட்டப் போய் நிப்பேன் வெர்லா? நீங்கதான எனக்குப் புதுசா உயிர் குடுத்தது."

நடந்தது இதுதான் என்றாள். தாடை உடைவதற்கு முன்பே ட்ரஸ்கட்டின் மாவட்ட நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்டிருக்கிறாள். தான் ஒளிந்திருந்த விடுதியின் முகவரியை முத்திரையிட்ட உறையில் கொடுத்திருக்கிறாள். ட்ரஸ்கட்டும் டெல்லும் மான் வேட்டைக்குச் சேர்ந்து போகிறவர்கள். மறுநாளே டெல் அந்த விடுதி வாசலில் நின்றான். கதவை உடைத்துக்கொண்டே சொன்னானாம், "ட்ரஸ்கட்டு என் சிநேகிதன்டி, உனக்கா அவன் சிநேகிதன்?" என்று.

"அந்தாளு இனிமே நாட்டுக்கே நியாயம் சொல்லப் போறாராம். என் நாய அவர்கிட்ட ஒரு மணி நேரம் விட்டுட்டுப் போக மாட்டேன் நான்."

"ஒன்பது வருஷம் பேசாம இருந்துட்டு இப்ப வந்திருக்கீங்க. யார் அனுப்பினாங்க?"

"யாரு அனுப்புவாங்க? டிவிதான். அவர் மூஞ்சியக் காட்டினாங்க. சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன், எல்லாம் வெளிய வந்துருச்சு."

செனட்டின் விசாரணைக் குழு முன்னால் சொல்லப் போவதாகச் சொன்னாள். செனட்டர் தன்னை அங்கே அழைத்துப் போக வேண்டும் என்றாள். வருகைப் படிவத்தில் இப்போதைய முகவரியை எழுதினாள். நதிக்கு அந்தப் பக்கம், பாலத்திலிருந்து பத்து நிமிஷம். பக்கத்து மாநிலம்.

"இது உங்ககிட்ட மட்டும் இருக்கட்டும்" என்றாள்.

போகும்போது அவள் கோட்டைப் பார்த்தேன். புதுசு. முதுகில் மடிப்பு இன்னும் விலகவில்லை. சலவைக்கடையில் வேலை செய்கிறவளுக்கு அந்தக் கோட்டை யார் வாங்கிக் கொடுத்தது? கொண்டுவந்த வாக்குமூலம் தட்டச்சு செய்து, ஓரம் விட்டு, பத்தி பிரித்து இருந்தது. யார் செய்து கொடுத்தது? எதிராளியின் ஆட்கள் நகரத்தில் இரண்டு அறை எடுத்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் தேர்தல் காலத்தில் தானாக நடப்பது எதுவும் கிடையாது என்று இருபத்திரண்டு வருஷம் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

அவள் கதை வெளியே வந்தால் செனட்டருக்கு எந்தப் பக்கமும் வழியில்லை. ஆம் என்றால் நகரத்துப் பெண்கள் போய்விடுவார்கள். இல்லை என்றால் கிராமம் போய்விடும், எக்லண்டுக்குப் போனது போல. செனட்டரிடம் தொலைபேசியில் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை.

"உண்மையா சொல்றாளா வெர்லா?" என்றார்.

"தெரியல செனட்டர்."

"தெரிஞ்சுக்க முடியுமா?"

"பாக்கறேன்."

அவ்வளவுதான் பேசினோம். அவர் எதையும் செய்யச் சொல்லவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்கு உதவும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சில வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் தனியாக இருக்கும் கிழவர்களின் முகவரியை அவர்கள் பெயரில் மாற்றி எழுதிக் கொடுத்து, அவர்களுக்கு வரவேண்டிய தபாலைத் திருடினான். அதற்குப் பிறகு நான் ஒரு ஏற்பாடு செய்தேன். யாருடைய முகவரி மாறினாலும் பழைய முகவரிக்கும் புதிய முகவரிக்கும் ஒரே கடிதம் போகும். 'உங்கள் கருத்துக்கு நன்றி. உங்கள் புதிய முகவரியைக் கீழ்க்கண்டவாறு பதிவு செய்துள்ளோம். தவறிருந்தால் தெரிவிக்கவும்.' ஒளிந்து வாழ்கிறவர்களின் கோப்பில் மட்டும் ஒரு சிவப்புக் குறி இருக்கும். குறி இருந்தால் பழைய முகவரிக்குக் கடிதம் அச்சாகாது. ரோண்டாவின் பழைய முகவரி டெல் இன்னும் இருக்கும் வீடு. அவள் கோப்பில் அந்தக் குறியை வைத்தவளும் நான்தான்.

ஒரு வியாழக்கிழமை. சாயங்காலம் நாலு பத்து. வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்குப் பிறந்தநாள், எல்லோரும் உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். நான் மேசையில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்தேன். டெல் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய மனிதனாகவே இருப்பானா? அவள் சொன்னது பொய்யென்றால், அவன் கோபக்காரன் இல்லையென்றால், அந்தக் கடிதம் அவனை ஒன்றும் செய்யாது. படித்துவிட்டுக் குப்பையில் போடுவான். அவள் சொன்னது முழுக்க உண்மையாக இருந்தால் மட்டும்தான் அந்தக் கடிதத்தால் ஏதாவது ஆகும். இதைவிட நியாயமான சோதனை எனக்குத் தோன்றவில்லை.

படிவத்திலிருந்த முகவரியைக் கோப்பில் பதிந்து, குறியை எடுத்தேன். இரண்டு கடிதமும் அச்சாகி வந்தன. செனட்டரின் கையெழுத்தை இயந்திரம் போட்டது. உறையில் ஒட்டித் தபால் பையில் நானே போட்டேன். பிறகு உள்ளே போய் கேக் சாப்பிட்டேன். மறுநாள் காலை குறியைத் திரும்ப வைத்துவிட்டேன். கோப்பு ஒழுங்காக இருக்க வேண்டும்.

அந்த வியாழக்கிழமைக் கணக்கில் எதிர்ப்புக்கு முப்பத்தொன்பது கோடுகள். ரோண்டாவுக்குக் கோடு போடவில்லை. அவள் வீடு நதிக்கு அந்தப் பக்கம். எங்கள் வாக்காளர் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் டெல் பாலத்தைத் தாண்டிப் போனான். வீட்டிலிருந்து அவளைப் பின்தொடர்ந்து, சலவைக்கடையின் பின்வாசலில் பிடித்தான். மீதியை நீங்கள் படங்களாகவே பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கத்துப் பத்திரிகையில் நாலு வரி வந்தது, புதுப் பெயரில். இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

செய்தியைப் படித்தபோது எனக்கு என்ன தோன்றியது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயப்படுகிறீர்கள். சொல்கிறேன். அவளை யாரும் அனுப்பவில்லை, அவள் உண்மைதான் பேசியிருக்கிறாள் என்று தோன்றியது. அவளைச் சந்தேகப்பட்டதற்கு வருத்தமாக இருந்தது. அந்தக் கோட்டை அவளே காசு சேர்த்து வாங்கியிருப்பாள், தலைநகரத்தில் போய் நிற்பதற்காக.

வெள்ளிக்கிழமை செனட்டில் ட்ரஸ்கட்டுக்கான வாக்கெடுப்பு. அதற்கு முன்னால் செனட்டர் கூப்பிட்டார்.

"அந்தப் பொம்பள திரும்ப வந்தாளா?"

"இல்ல செனட்டர்."

"வருவாளா?"

"வர மாட்டாங்க."

  ஏன் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்கள் சில இடத்தில் கேள்வியை நிறுத்திக்கொள்வார்கள், நானும் அதை மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆம் என்று வாக்களித்தார். தேர்தலில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு வாக்கில் ஜெயித்தார். அலுவலகம் அப்படியே இருக்கிறது. ஒரு கோப்பையும் பெட்டியில் போட வேண்டியிருக்கவில்லை. நூற்றுக்கணக்கான பேருக்கு இந்த வருஷமும் பதில் போய்க்கொண்டிருக்கிறது. அவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது டெல்லின் லாரியில், இருக்கைக்கு அடியில், செனட்டின் முத்திரையோடு அந்தக் கடிதம் கிடைத்திருக்கிறது. அதனால்தான் இந்த இரண்டு பக்கம்.

"வெர்லா, இது ஒரு கையெழுத்துதான். உங்களையும் காப்பாத்தும், அவரையும் காப்பாத்தும். போட்டுட்டு நிம்மதியா தூங்குங்க" என்றீர்கள் வந்தவுடன். நான் நன்றாகத்தான் தூங்குகிறேன். ட்ரஸ்கட்டைப் பற்றி மட்டும் சில நேரம் யோசிப்பேன். அவர் செய்ததும் இதேதான் என்று நீங்கள் சொல்லக் கூடும். இல்லை. அவர் சிநேகிதனுக்காகச் செய்தார். எனக்கு டெல்லைப் பழக்கமே கிடையாது.

இந்தத் தாளில் 'பிழை' என்ற சொல் மூன்று இடத்தில் இருக்கிறது. 'கவனக்குறைவு' என்று ஓரிடத்தில். நான் குறியை எடுத்தேன், நானே திரும்ப வைத்தேன். கொலை என்று நீங்கள் எழுதிக்கொண்டு வந்தால் படித்துப் பார்க்கிறேன், வார்த்தைகளைப் பற்றிப் பேசலாம். இந்தத் தாளில் என் கையெழுத்து வேண்டாம். உங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டேன், மை காய்ந்துவிடும். தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம் போக வேண்டிய வீட்டுக்குத்தான் போனது. என் மேசையிலிருந்து ஒரு கடிதம் வழி தவறிப் போனது என்று நான் எழுதித் தர மாட்டேன்.