ரோவீனா டாக்கெட்டின் சிறந்த பாடல்கள்

உங்கள் காபி நன்றாக இருக்கிறது, ஐயா. நான் எழுந்து எழுந்து நடப்பதைப் பார்த்து எதையோ மறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதது என் பிறவிக் குணம். பாட்டுகளை வரிசைப்படுத்தும் வேலைக்கு அது தோதாக இருந்தது. எதற்குப் பின் எது என்று மனம் ஓயாமல் புரட்டிக்கொண்டே இருக்கும்.

ரோவீனாவின் பாட்டைக் கேட்காதவர் இந்த நாஷ்வில் நகரத்தில் யார்? கிராமியப் பாட்டுக்காரியாக வந்தவளை நகரத்துப் பிள்ளைகளும் ஆடும்படி பாடவைத்தவன் நான். அவளுடைய வெற்றிப் பாட்டுகள் எல்லாமே என் ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்தவை. அவற்றைத் திரட்டி ஒரே தொகுப்பாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது நியாயம்தானே.

இப்படிப்பட்ட தொகுப்பின் கடைசியில் ஒரு புதுப்பாட்டைச் சேர்ப்பது எங்கள் வழக்கம். பழையதெல்லாம் வைத்திருப்பவர்களையும் வாங்கவைக்கும் தூண்டில் அது. ரோவீனா அதைத் தானே எழுதினாள். கார் கொட்டகையில் கூடம் வைத்திருக்கும் கோல்பி என்பவனிடம் போய்ப் பாடி, ஒலிநாடாவை என் மேசைமேல் வைத்தாள். சுமாரான பாட்டு. தொகுப்பு கெட்டுவிடும் என்று மட்டும் சொன்னேன்.

"என்னை ஊறுகா போட்டு ஜாடிய மூடிடணும் உனக்கு. நான் இன்னும் கொடியில காய்ச்சுக்கிட்டு இருக்கேன், வெண்டல்."

"அவன் கொட்டகை நாய் குரைக்கிறது பாட்டுலயே கேக்குது."

"நீ சேக்கிற வயலினைவிட அது சுதி சுத்தமாத்தான் குரைக்குது. இனிமே என் பாட்டெல்லாம் அங்கதான். மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத, கிழவா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குக் கோபம் இல்லை. சோறுதான் இறங்கவில்லை.

ஊர் ஊராகச் சுற்றிய பாடகர்கள் பலருக்கு வீட்டுக் கட்டிலில் தூக்கம் பிடிக்காது. ரோவீனா மதியம் சாப்பிட்டதும் வீட்டு வாசலில் நிற்கும் தன் பயணப் பேருந்தில் ஏறி, ஜெனரேட்டரை ஓடவிட்டு, அந்த உறுமலில்தான் கண்ணயர்வாள். ஒரு நாள் அவள் கண்ணயர்ந்ததும் அதன் புகை வெளியேறும் வழியை அடைத்துப் பேருந்துக்குள் திருப்பிவிட்டேன். நச்சுப்புகை வந்தால் அலறும் கருவியை முன்பே கழற்றி வைத்திருந்தேன். பிறகு அவளுடைய வீட்டுச் சமையலறைக்குப் போய், அவள் சுட்டுவைத்திருந்த சோளரொட்டியைத் தின்றேன். வெண்ணெய் தாராளமாகப் போட்டிருந்தாள். அவளுக்கு வலித்திருக்காது.

அந்தக் கருவியை நீங்கள் என் வீட்டில் கண்டெடுக்கும்வரை ஊரே விபத்து என்று நம்பியது. தொகுப்பு முதலிடத்துக்கு வந்தது. பெட்ரோல் பங்க்கில்கூட அதைத்தான் போடுகிறார்கள். கேட்டுப் பாருங்கள், ஒரு பிசிறு இருக்காது. அந்தப் புதுப்பாட்டுக்கு இருந்தது ஒரே நாடா, அதையும் எரித்துவிட்டேன். எல்லாம் அவள் பெயர் நிலைக்கத்தான் செய்தேன்.

ஆனால் நாடாவை எரிப்பதற்குமுன் விடிய விடிய அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். என் கூடத்தில் அவள் ஒருமுறைகூட அப்படிப் பாடியதில்லை.